உப்புத்தரையில் ஒரு நம்பர் பிளேட் எங்கள் கிளாஸை மாற்றியது

லேண்ட் ஸ்பீடு பந்தயத்துக்கு (நேர்க்கோட்டில் எவ்வளவு வேகம் எடுக்க முடியும் என்று ஒவ்வொரு வண்டியாக ஓட்டிப் பார்ப்பது) போன அனுபவத்தை எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேகத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. கிளாஸைப் பற்றித்தான் இருக்கிறது, அதாவது வண்டிகளைப் பிரித்து வைக்கும் வகைகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சாதனை வேகம் உண்டு. ஏனென்றால் எங்கள் மூன்று பேரின் ஒரு வருட உழைப்பும் கடைசியில் அதில்தான் போய் மாட்டிக்கொண்டது.

நான் வேலை பார்ப்பது சால்ட் லேக் சிட்டியில். மேற்கே ஒன்றரை இரண்டு மணி நேரம் ஓட்டினால் வெண்டோவர், அங்கேதான் பான்னவில் உப்புத்தரை. 1949-லிருந்து ஆகஸ்டு மாதத்தில் ஸ்பீடு வீக் என்ற இந்தப் பந்தய வாரம் நடக்கிறது. மழை தேங்கினாலோ உப்பு கெட்டுப்போனாலோ ரத்து செய்துவிடுவார்கள், 2014, 2015, 2022 மூன்று வருடமும் அப்படிப் போனவைதான். பைக் ராயல் என்ஃபீல்டு 650. ஊர்ப் பக்கம் செய்த எஞ்சினை அந்த வெள்ளைத் தரையில் ஓட விட வேண்டும் என்பது என் ஆசை. கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் மெக்கானிக் வேலை நன்றாகத் தெரிந்தவர்கள், அவர்களில் ஒருவர்தான் ஓட்டுபவர்.

ரூல்புக்கை முதலில் திறந்தபோது எழுத்துக் கூட்டமாகத்தான் தெரிந்தது. ஆனால் பிரித்துப் படித்தால் விஷயம் எளிது. 650 M-G என்று இருந்தால் அதில் மூன்று கேள்விக்குப் பதில் இருக்கிறது: எஞ்சின் எவ்வளவு பெரிது, வண்டியின் உடம்பு எப்படி, என்ன எரிபொருள். பைக்குக்கு 50 சிசியில் தொடங்கி 100, 125, 175, 250, 350, 500, 650, 750, 1000 என்று 3000 வரை படிகள் போகின்றன. M என்றால் கம்பெனி ஃபிரேமில் வேலை செய்துகொள்ளலாம், ஆனால் காற்றை ஒதுக்கும் ஃபேரிங் வைக்கக் கூடாது. ஃபேரிங் வைத்தால் MPS. கடையில் விற்கிற மாதிரியே இருந்தால் P. ஃபிரேமையே சொந்தமாகக் கட்டினால் A. G என்பது பெட்ரோல். அதுவும் அங்கே விற்கிற பெட்ரோலையே ஊற்றி, டேங்க் மூடிக்கு அவர்களே சீல் வைப்பார்கள். மெத்தனால், நைட்ரோமீத்தேன் என்றால் F. டர்போ, சூப்பர்சார்ஜர் இருந்தால் முன்னால் ஒரு B சேரும்.

சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தோம். முதல் கண்டம் பிஸ்டனில் வந்தது. 79 மில்லிமீட்டர் பிஸ்டன் செட் ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தது, கம்பெனி போர் (சிலிண்டரின் விட்டம்) 78, ஒரே ஒரு மில்லிமீட்டர்தானே என்று மூவரும் சந்தோஷமாக இருந்தோம். பணம் கட்டுவதற்கு முந்தைய இரவு தூக்கம் வராமல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 67.8, இரண்டு சிலிண்டர். 78-க்கு 648 சிசி வருகிறது. 79-க்கு 664 சிசிக்கு மேல். அதாவது அந்த ஒரு மில்லிமீட்டர் எங்களை 750 கிளாஸில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும், முழு 750 எஞ்சின்களுக்கு எதிரே 664-ஐ வைத்துக்கொண்டு நின்றிருப்போம். 650-க்குள் இருக்க வேண்டும் என்றால் 78.1-ஐத் தாண்டவே முடியாது. மறுநாள் காலையில் மற்ற இருவருக்கும் காகிதத்தைக் காட்டினேன். பிஸ்டன் வாங்கவில்லை.

இரண்டாவது கண்டத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

இன்ஸ்பெக்ஷன் வரிசையில் வெயிலில் இரண்டரை மணி நேரம் நின்றோம். உப்பிலிருந்து எதிரொளிக்கிற வெயில் தாடைக்கு அடியிலும் மூக்கின் உள்பக்கத்திலும்கூடச் சுடும், போகிறவர்கள் அங்கெல்லாம் கிரீம் தடவிக்கொள்ளுங்கள். எங்கள் முறை வந்தது. அச்சு நட்டுகளில் பாதுகாப்புக் கம்பி கட்டியிருக்கிறதா, ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கயிறு வேலை செய்கிறதா, ஸ்டியரிங் டாம்ப்பர், டயரின் வேக அளவு, ஒரே துண்டு லெதர் சூட் எல்லாம் பார்த்தார்கள், எல்லாம் சரி. அப்புறம் அந்த வயதான இன்ஸ்பெக்டர் பைக்குக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஹெட்லைட்டை எடுத்துவிட்ட இடத்தில் நாங்கள் நம்பர் பிளேட்டைப் பின்பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தோம், மேல் விளிம்பு ஸ்பீடோமீட்டரை மறைத்துக்கொண்டு நிற்கும். பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான் எங்கள் நோக்கம். அவர் உள்ளங்கையை பிளேட்டின் கீழ் விளிம்பில் வைத்து, மெதுவாக மேலே வழுக்கிக்கொண்டே போய், விளிம்பைத் தாண்டி மீட்டருக்கு மேலே கையை நிறுத்தினார். ஒன்றும் பேசவில்லை. அந்தக் கை போன வழிதான் காற்று போகும் வழி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இது இருந்தால் நீங்கள் MPS, இல்லாவிட்டால் M, எதுவென்று நீங்களே சொல்லுங்கள் என்றார். MPS-இல் ஓடுகிறவர்கள் காற்றுக்கென்றே வடிவமைத்த ஃபேரிங்கோடு வருகிறவர்கள், அந்தக் கிளாஸின் சாதனை வேகம் வேறு உயரத்தில் இருக்கும். பிளேட்டைக் கழற்றிப் பக்கவாட்டில் தட்டையாகப் பொருத்திவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனோம். அன்று ஓட முடியவில்லை.

மறுநாள் காலை ஓடினோம். புதியவர்களுக்கு லைசன்ஸ் படிப்படியாகத்தான், எடுத்த எடுப்பில் முழு வேகம் கிடையாது. எங்களுக்கு வந்தது மணிக்கு 104 மைல், அதாவது 167 கி.மீ. தரையே கடல் மட்டத்திலிருந்து 4,200 அடி உயரம், வெயிலில் காற்று இன்னும் லேசாகிவிடும், எஞ்சின் மூச்சு வாங்குவது காதிலேயே தெரிந்தது. வேகம் எழுதிய சீட்டு கையில் கிடைத்ததும் ஓட்டியவர் அதைச் சட்டைப் பையில் வைத்து பட்டன் போட்டுக்கொண்டார்.

* * *

அண்ணா, படித்ததும் எங்கள் கதை ஞாபகம் வந்துவிட்டது. நான் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கிறேன். இங்கே இதே மாதிரிப் பந்தயம் மார்ச் மாதம் கெய்ர்ட்னர் என்ற உப்பு ஏரியில் நடக்கும். செம்மண் மேடுகளுக்கு நடுவே அந்த வெள்ளை ஏரியைப் பார்க்கவே போகலாம். எண்ணெய் சிந்தக் கூடாது என்று பிட்டில் (வண்டியை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) வண்டிக்கு அடியில் விரிப்பு போட வேண்டும், அதில் ரொம்பக் கண்டிப்பு. ரூல் பெரும்பாலும் அமெரிக்காவில் உள்ளதுதான்.

காருக்கு எஞ்சின் அளவு எழுத்தில் வரும், நீங்கள் சொன்ன எரிபொருள் எழுத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2 லிட்டருக்கு மேல் 3 வரை F, ஒன்றரைக்கு மேல் 2 வரை G, 1-க்கு மேல் ஒன்றரை வரை H. நண்பருடைய 1.3 லிட்டர் கார் H. அவர் நைட்ரஸ் கிட் (கூடுதல் சக்திக்காக நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) ஒன்றை ஆசையாக மாட்டினார். பெட்ரோலில்தானே ஓடுகிறது, பெட்ரோல் கிளாஸ்தானே என்று நானும்தான் சொன்னேன். நைட்ரஸ் வந்தாலே அது ஃபியூல் கணக்கு, அதாவது நீங்கள் சொன்ன எரிபொருள் F. அது தெரிந்தது ஃபார்ம் நிரப்பும்போது. பாட்டிலை இறக்கிவிட்டு ஓடினோம், ஆனால் அதற்காகப் பெரிதாக்கிய மற்ற வேலைகள் எல்லாம் வண்டியில் சுமையாகத்தான் வந்தன.

ஒன்று கேட்க வேண்டும். 648, 664 என்று நீங்கள் சொல்வதை அங்கே எப்படிச் சரிபார்ப்பார்கள்? சொன்னால் நம்பிவிடுவார்களா?

* * *

தம்பி, சாதாரணமாக ஓடும்வரை உங்கள் வாக்குமூலம்தான். சாதனை என்று வந்துவிட்டால் திறந்து காட்ட வேண்டும். பக்கத்து பிட்டில் இருந்தவர்களுக்கு அது நடந்தது, கூடவே இருந்து பார்த்தேன். முதல் ஓட்டத்தில் பழைய சாதனையைத் தாண்டினால் வண்டி நேரே இம்பவுண்டுக்குப் போகும், அதாவது அதிகாரிகள் கண்காணிப்பில் வண்டிகளை வைக்கும் இடம். அதில் கைவைக்க நான்கு மணி நேரம், அதற்குப் பிறகு தொடக் கூடாது. மறுநாள் காலை இன்னொரு ஓட்டம், இரண்டின் சராசரி பழையதை மிஞ்ச வேண்டும். ஸ்பீடு வீக்கில் இரண்டும் ஒரே திசைதான். உலக சாதனை என்றால் எதிரெதிர்த் திசையில் ஓட வேண்டும், பைக்குக்கு இரண்டு மணி நேரத்துக்குள். அதெல்லாம் ஜெயித்த பிறகு எஞ்சினை அளக்கிறார்கள். அந்த மனிதர் ஹெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அளவுகோல் உள்ளே போனபோது வேறு பக்கம் திரும்பி நின்றார். சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் சிரித்தார்.

எஞ்சின் அளவும் கிளாஸும் எப்படிச் சேர்ந்து போகின்றன என்பதற்குப் பழைய சாதனையாளர் பர்ட் மன்றோவை எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் இன்வர்கார்கில்காரர், அவர் பைக் 1920 மாடல் இந்தியன் ஸ்கவுட், கம்பெனியிலிருந்து வந்தபோது 600 சிசி. 1962-இல் அதை 850 ஆக்கி, அப்போதிருந்த 883 கிளாஸில் மணிக்கு 178.95 மைல் எடுத்தார். அப்புறம் இன்னும் பெரிதாக்கி 1000 கிளாஸுக்குப் போனார், 1967-இல் 950 சிசி. அந்தச் சாதனையில் சராசரிக் கணக்கு பிழை என்று அவர் மகன் கண்டுபிடித்து, 2014-இல் 184.087 மைல் என்று திருத்தினார்கள். மன்றோ 1978-லேயே இறந்துவிட்டார். ஒரே வண்டி, பல அளவு எஞ்சின். எஞ்சின் வளர வளரக் கிளாஸும் மாறியிருக்கிறது. நானும் இப்போது பைக் கட்டுகிறவர்களிடம் அதைத்தான் சொல்கிறேன்: ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் சாதனைப் பட்டியலை எடுங்கள்.

நாங்கள் இந்த முறை தெரிந்தே MPS-க்குப் போகிறோம். பக்கத்திலிருந்து பார்த்தால் ஓட்டுபவர் மறையாமல் தெரிய வேண்டும் என்பது அதில் விதி. அட்டையில் ஃபேரிங் வெட்டி வைத்து, அவரைப் படுத்த நிலையில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துப் பார்த்தோம். இடது முழங்கால் மூன்று விரல் அகலம் மறைகிறது. சனிக்கிழமை அந்த இடத்தை வெட்ட வேண்டும்.