ஷார்ட்கட்டுக்கு என்ன சொல் வைப்பது? (அவசரம்)

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை பெங்களூரு அல்சூரில் பிள்ளைகளுக்கு 'செர்ரி' சொல்லித் தருகிறோம். பல வேலைகளை ஒரே தட்டலில் செய்துமுடிக்கும் ஐபோன் ஷார்ட்கட்டை விரலால் பெட்டி பெட்டியாக இழுத்து அடுக்குவதற்குப் பதில், எழுத்தாகவே எழுதி டெர்மினலில் (கணினியில் கட்டளை தட்டும் திரை) ஒரு கட்டளை கொடுத்தால் ஷார்ட்கட் கோப்பாக்கித் தரும் திறமூலக் கருவி. கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இப்போதைக்குக் 'குறுக்குவழி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
(அல்சூர்)

---

தம்பி, அது வேண்டாம். "குறுக்குவழியில் சம்பாதித்தான்" என்று யாரைப் பாராட்டுகிறோம்? இங்கே கன்னடத்திலும் 'அட்டதாரி' பிடித்தவன் என்றால் தடம் மாறிப் போனவன்தான். சுருக்கெழுத்து மாதிரி 'சுருக்கு' போதும்.
(ஜெயநகர்)

---

> 'சுருக்கு' போதும்

அம்மா, சுருக்கு என்றால் கழுத்துக்குப் போடும் கயிறும்தான். பாட்டி இடுப்பில் செருகும் பைக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

'சூத்திரம்' இருக்க வேறு சொல் ஏன்? சில எழுத்துக்குள் பல பொருளை, கண்ணாடிக்குள் உருவம் அடங்குவது போலச் செறித்துக் காட்டுவது சூத்திரம் என்கிறது நன்னூல். நாலு வரி எழுதி நாற்பது பெட்டிகளை உண்டாக்கும் கருவிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வடசொல் என்று எழுந்து நிற்பவர்கள் 'நூற்பா' என்று வைத்துக்கொள்ளட்டும். வடமொழிச் சூத்திரத்துக்கும் இழை என்றுதான் பொருள். நம் நூலும் இழைதான். சொல்லைப் பஞ்சாகவும் புலவனின் மதியைக் கதிராகவும் நன்னூலார் உருவகம் செய்வதை...
(மல்லேசுவரம்)

---

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சூத்திரம் பள்ளிக் கணக்கில் ஃபார்முலாவுக்குப் போய்விட்டது. இழையை நாம்தான் திரெட்டுக்குக் கொடுத்தோம்.

பொருளைப் பார்ப்போம். இந்தச் செயலியின் பழைய பெயர் ஒர்க்ஃப்ளோ. 2017-இல் ஆப்பிள் வாங்கியது, 2018-இல் ஐஓஎஸ் 12 வந்தபோது ஷார்ட்கட்ஸ் ஆனது. உள்ளே இருப்பது இன்றும் வரிசையாக ஓடும் செயல்கள்தான்: இருக்கும் இடத்தைக் கண்டுபிடி, சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வீடு சேர எவ்வளவு நேரமாகும் என்று பார், அதை அம்மாவுக்கு அனுப்பு. ஆகவே 'செயல்தொடர்'.

அப்புறம், மின்கையொப்பம் இல்லாத ஷார்ட்கட் கோப்பை ஐபோன் ஏற்காது. லினக்ஸ் மடிக்கணினியோடு வரும் பிள்ளைகளுக்காக, கையொப்பமிட மேக் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பெயரைவிட அதுதான் எனக்குக் கவலை.
(ஒயிட்ஃபீல்டு)

---

செயல் + தொடர் = செயற்றொடர். கல் + தூண் என்னவாகும் என்று மறந்துவிட்டதா?
(மல்லேசுவரம்)

---

செயற்றொடரா! ஐயா, இங்கே வளரும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச்சுமொழி மட்டும்தான். பள்ளியில் எழுதுவது கன்னடமும் இந்தியும். இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். அவர்களிடம் போய் றகரத்தை இரட்டிக்கச் சொல்வதா? பேசாமல் 'ஷார்ட்கட்' என்றே விடுங்கள். அவர்கள் போன் திரையில் இருப்பதும் அதுதானே.
(ஜெயநகர்)

---

அப்படியே விடுவதற்குத் தமிழில் கையேடு எதற்கு அக்கா?
(ஒயிட்ஃபீல்டு)

---

அச்சகத்திலிருந்து இரண்டாம் தடவை அழைத்துவிட்டார்கள். 'செயல்தொடர்' என்று அனுப்புகிறேன். முதன்முதலில் வரும் இடத்தில் மட்டும் பிறைக்குறிக்குள் ஷார்ட்கட். அக்கா அரைமனதாகச் சரி என்று தனிமடல் போட்டார். மல்லேசுவரம் ஐயா பொறுத்தருள வேண்டும். மேக்குக்கு ஏற்பாடு செய்தாயிற்று.
(அல்சூர்)

---

பொறுக்க முடியாது. ஒற்றைப் பிரித்து அச்சிட்டால் என் மறுப்பையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். மேலும், அதே கையேட்டில் கமாண்ட் லைனுக்குக் 'கட்டளை வரி' என்று பார்த்தேன். வரி என்றால் அரசுக்குக் கட்டுவது என்றுதானே பிள்ளைகள் நினைப்பார்கள்? விரிவாகத் தனி இழையில் எழுதுகிறேன்.
(மல்லேசுவரம்)