சமயமும் தேவச்செயலும்

2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டிப் பெய்த பருவம் தப்பிய மழையில், பொறையாறு பக்கத்தில் எங்கள் ஊர்ச் சம்பா வயல்கள் முற்றிய கதிரோடு சாய்ந்து, தண்ணீரில் கிடந்தே முளைவிட்டன. நாள் பார்த்து நாற்றுவிட்டு, உரமும் களையும் தவறாமல் கவனித்த என் வயலும் அவற்றுள் ஒன்று. வரப்புக்கு அப்பால் இருந்த உபதேசியார் ஐயாவின் நிலமோ, விதைநெல் கிடைக்காமல் ஒரு மாதம் பிந்தி நட்டதால், அப்போதுதான் பால் பிடிக்கும் பச்சைப் பயிராக நின்றது. தண்ணீர் வடிந்தபின் தேறி, மாசியில் நன்றாகவே விளைந்தது.

வயிற்றெரிச்சலை மறைத்துக்கொண்டு, "உங்களுக்கு யோகம் ஐயா" என்றேன்.

"விதைக்கு அலைந்ததைத் தவிர நான் என்ன செய்தேன், தம்பி?" என்று கேட்டுவிட்டு, அவர் பைபிளின் பழைய ஏற்பாட்டிலுள்ள பிரசங்கி நூலிலிருந்து 9:11ஆம் வசனத்தைச் சொன்னார். ஓடுவதற்கு வேகம் போதாது, யுத்தத்துக்குச் சவுரியம் போதாது, பிழைப்புக்கு ஞானமும் போதாது என்று அடுக்கிக்கொண்டு வந்து, "அவர்களெல்லாருக்கும் சமயமும் தேவச்செயலும் நேரிடவேண்டும்" என்று அந்த வசனம் முடிகிறது. எபிரேய மூலத்தில் அந்த இரண்டாவது சொல்லுக்கு 'எதிர்பாராமல் நேர்வது' என்றே பொருள் என்றும், தேவனை அதில் சேர்த்தது தமிழாக்கம்தான் என்றும் அவரே விளக்கினார். எனக்கென்னவோ மூலச்சொல்லே பிடித்துப்போயிற்று. தெய்வம் என் வயலைத் தேடிவந்து அழித்தது என்று எண்ணுவதைவிட, மழை வந்த நாளில் என் கதிர் முற்றியிருந்தது என்று எண்ணுவது ஆறுதலாக இருந்தது. நல்ல மகசூல் கண்ட ஆண்டுகளின் பெருமையை முழுவதும் என் கணக்கில் எழுதிக்கொண்டதுதான் உறுத்தியது.

பேச்சு தரங்கம்பாடிக்குப் போயிற்று. 1706இல் அங்கே வந்திறங்கி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்திருந்த நிலையில், 1719இல் 36 வயதிலேயே இறந்துபோனார். எஞ்சியதைப் பின்னால் வந்த பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். "சீகன்பால்கு உழைப்பில் என்ன குறை, சொல்லு? பிரசங்கி வரைக்கும் வர அவருக்குச் சமயம் வாய்க்கவில்லை" என்றார் ஐயா.

அப்படியானால் பாடுபட்டு என்ன பயன் என்று சலித்துக்கொண்டேன். "'போதாது' என்றுதான் எழுதியிருக்கிறது, 'வேண்டாம்' என்று இல்லை" என்று திருத்திவிட்டு, காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான் என்றும், காலையில் விதைத்தவன் மாலையிலும் கையை நெகிழவிடக் கூடாது, எது வாய்க்கும் என்று அவனுக்குத் தெரியாது என்றும் அதே நூலின் 11ஆம் அதிகாரத்தில் வருவதைச் சொன்னார். உபதேசமாகக் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். எனக்கு அது விவசாயக் கணக்காகவே பட்டது.

அடுத்த சம்பாவில் என் 6 மா (சுமார் 2 ஏக்கர்) நிலத்தில் பாதியை வழக்கமான நாளிலும், மீதியை 20 நாள் கழித்தும் நட்டேன். அந்த ஆண்டு ஆள் தேடும் அலைச்சலும் மடைத் தண்ணீர்த் தகராறும் இரண்டு மடங்காயின.