துபாயிலிருந்து செயின்சா கொண்டுவரச் சொல்லலாமா, பொள்ளாச்சியிலேயே வாங்கலாமா?

ஆனைமலைத்தோப்பு:
வணக்கம். ஆனைமலைப் பக்கம் நாலரை ஏக்கர் தென்னந்தோப்பு. கேரள வாடல் நோய் வந்து இரண்டு வருடத்தில் அறுபது மரத்துக்கு மேல் போய்விட்டது, இன்னும் முப்பது நாற்பது மரம் வெட்டியாக வேண்டும். மெஷின் வைத்து அறுத்துக் கொடுக்கிறவர் கேட்கிற கூலிகூடப் பரவாயில்லை, சொன்ன நாளில் வந்ததே இல்லை. சரி, சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று பொள்ளாச்சியில் டீலரிடம் விலை கேட்டேன். ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 250, 18 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு). விலையைக் கேட்டுவிட்டு டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மச்சான் துபாயில் இருக்கிறார், அடுத்த மாதம் லீவில் வருகிறார். அங்கே அதே மாடல் விலை கணிசமாகக் குறைவு, அதுவும் "ஒரிஜினல் ஜெர்மன்" என்கிறார். கொண்டுவரச் சொல்லலாமா? வாங்கி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பார்க்பிளக்:
இருபது வருடமாக இந்த மெஷின்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஆனால் நான் யாருக்கும் டீலர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த "ஒரிஜினல் ஜெர்மன்" பேச்சை மச்சானிடமே விட்டுவிடுங்க. கம்பெனி ஜெர்மனிதான், 1926இல் ஆரம்பித்தது. ஆனால் அமெரிக்காவில் வர்ஜீனியா பீச், பிரேசில், சீனாவில் சிங்தாவோ என்று பல இடத்தில் ஆலை வைத்திருக்கிறார்கள். துபாயில் வாங்கினால் ஜெர்மனியில் செய்தது, இங்கே வாங்கினால் மட்டம் என்று ஒன்றும் கிடையாது. வித்தியாசம் வாரண்டியில்தான். எந்த நாட்டில் பில் போட்டதோ அந்த நாட்டு டீலர்தான் பார்ப்பார். இங்கே எடுத்துப்போனால் காசு கொடுத்துச் சரி செய்துகொள்ளலாம், அதுவும் அவர் மனசு வைத்தால்.

அதைவிடப் பெரிய விஷயம் பெட்ரோல். இப்போது நம் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. வெளிநாட்டு மெஷின்களின் கையேட்டைப் பிரித்துப் பாருங்க, பெரும்பாலானவற்றில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் போட்டிருக்கும். டேங்கில் பெட்ரோலோடு இரண்டு மாதம் மூலையில் வைத்துவிட்டு எடுத்தால் உள்ளே இருக்கிற டியூப் விறைத்துப்போயிருக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கிற டயஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வு அப்பளம் மாதிரி மடங்கிக் கிடக்கும். இங்கே வாங்கின மெஷினுக்கும் இது வரும்தான். ஆனால் அப்போது போய் நிற்பதற்கு ஒரு கடை இருக்கும், அவ்வளவுதான். எங்கே வாங்கினாலும் வேலை முடிந்தால் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கிறவரை ஓடவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

ஷார்ஜாக்காரன்:
விலை பார்க்கிற யாரும் ஏர்போர்ட்டைப் பற்றி யோசிப்பதில்லை, அதனால் நான் சொல்கிறேன். என் ரூம்மேட் ஒருவர் இரண்டு மாதம் ஓட்டின மெஷினை ஊருக்குக் கொண்டுபோகப் பார்த்தார். டேங்கைக் கவிழ்த்து, துணியால் துடைத்து, வெயிலில் வைத்து, மூன்று கவர் போட்டுச் சுற்றியும் கவுண்டரில் அட்டைப்பெட்டியைத் திறந்ததும் வாசனை வந்துவிட்டது. பெட்ரோல் பட்ட இன்ஜினை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு என்னைக் கூப்பிட்டு, நான் டாக்சி பிடித்துப் போய் அதைத் திரும்ப எடுத்துவந்தேன். இப்போது எங்கள் ரூமில் கட்டிலுக்கு அடியில் தூங்குகிறது, இந்த ஊரில் அறுக்க என்ன இருக்கிறது, பேரீச்சை மரமா?

பெட்டி பிரிக்காத புது மெஷின் என்றால் சில விமானங்களில் விடுவார்கள், ஆனால் முன்னாடியே கேட்டு மெயிலில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நல்ல கடைக்காரர் என்றால் உங்கள் எதிரிலேயே பெட்ரோல் ஊற்றி, கயிறு இழுத்து, ஓட்டிக் காட்டித்தான் கொடுப்பார். ஓட்டிக் காட்டிவிட்டால் விமானத்தில் ஏறாது. ஓட்டிக் காட்டாமல் வாங்கினால் ஓடுமா ஓடாதா என்பது ஆனைமலையில் போய்த்தான் தெரியும்.

பேட்டரி மெஷின் கொண்டுபோகலாமே என்று யாராவது சொல்வார்கள். 36 வோல்ட், 6 ஆம்பியர் பேட்டரி என்றால் 216 வாட் அவர். 160ஐத் தாண்டினால் கைப்பையிலும் விட மாட்டார்கள், லக்கேஜிலும் விட மாட்டார்கள்.

கரண்ட்காரன்:
அமெரிக்காவிலிருந்து கரண்டில் ஓடுகிற மாடல் வாங்கிவருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது 120 வோல்ட். நம் பிளக்கில் சொருகினால் ஒரே நாள் கார்த்திகை தீபம்தான்.

முத்தூர்மணி:
எல்லாரும் டீலரைத் தலையில் தூக்கி வைக்காதீர்கள். எங்கள் பக்கம் ஒரு கடையில் (பேர் வேண்டாம்) ஸ்டார்ட் ஆகவில்லை என்று கொடுத்தேன், கார்புரேட்டரையே மாற்றிவிட்டேன் என்று பில் போட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பழைய கார்புரேட்டர்தான், போன வருடம் நான் வைத்த பெயிண்ட் புள்ளிகூட அழியவில்லை, புது பிளக் மட்டும் போட்டிருக்கிறார். பக்கத்தில் கடை இருக்கிறது என்பதால் மட்டும் நம்பிவிட முடியாது. வாங்குவதற்கு முன்னால் கடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், மெக்கானிக் உட்கார்ந்து ஏதாவது பிரித்துக்கொண்டிருக்கிறாரா, இல்லை பெட்டிகளை மட்டும் அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று.

ஆனாலும் என் அமெரிக்க மெஷின் கதையையும் சொல்லியாக வேண்டும். தம்பி கொண்டுவந்தது, மெஷினில் ஒரு குறையும் இல்லை. செயின் தேய்ந்ததும் வந்தது வம்பு. 18 இஞ்ச் செயின் கொடுங்கள் என்று வாங்கிவந்தேன், பாரின் பள்ளத்தில் இறங்கவே மாட்டேன் என்றது. என் பார் 1.3 மில்லிமீட்டர் பள்ளம், கடைக்காரர் கொடுத்தது 1.6. இஞ்ச் மட்டும் சொன்னால் போதாது, பல் இடைவெளி, பள்ளத்தின் அகலம், உள்பக்கப் பற்களின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துவர வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாரின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும், மண்ணும் ஆயிலும் அப்பியிருப்பதால் நாம் பார்ப்பதில்லை. கோயம்புத்தூர் முழுக்க அலைந்து கடைசியில் பாரையே மாற்றினேன்.

வன்னிக்காடு:
அண்ணை, இலங்கையில் இருந்து ஒரு சொல். எங்கட பக்கம் செயின்சா வைத்திருக்கிறதே சும்மா விசயம் இல்லை. காடழிப்பைத் தடுக்க என்று 2017இல் எல்லாரையும் பொலிசில் கொண்டுபோய்ப் பதியச் சொன்னார்கள். என்ர மாமா பழைய மெஷினை உரப்பையில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றவர். வெளிநாட்டில் இருந்து ஆரும் கொண்டுவரப் போகினம் எண்டால், விலையைக் கேட்க முதல் அந்த நாட்டுச் சட்டத்தைக் கேளுங்கோ.

ஸ்பார்க்பிளக்:
மணி அண்ணா சொல்வது சரிதான், கடைக்குக் கடை வித்தியாசம் உண்டு. தோப்புக்காரருக்கு இன்னொன்று. தென்னையில் செயின் சீக்கிரம் மழுங்கும். வெளிப்பக்கம் கல்லு மாதிரி, உள்ளே நார், அடிமரத்தில் மண் வேறு. நார் போய் செயினை ஓட்டுகிற பல்சக்கரத்தில், அதாவது ஸ்பிராக்கெட்டில், சுற்றிக்கொள்ளும், அடிக்கடி மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யணும். டீலரிடம் வாங்கினால் அரம் பிடிக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்க, வெட்கப்பட வேண்டாம். பெட்ரோலில் கலக்கிற ஆயில் லிட்டருக்கு 20 மில்லி. மலிவு மெஷின்களுக்குச் சொல்கிற 40 மில்லிக் கணக்கை இதில் போடாதீங்க. வேளாண் பொறியியல் துறையிலும் மானியம் இருக்கிறதா என்று ஒரு எட்டு கேட்டுவிடுங்க. துபாய் பில்லுக்கு எந்த மானியமும் வராது.

மச்சானிடம் ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமென்றால் செயின் வெட்டாத பாதுகாப்பு பேண்ட் கேளுங்க. உள்ளே நீள நீளமாக நார் இருக்கும், செயின் பட்டால் நார் இழுபட்டுப் போய் ஸ்பிராக்கெட்டை அடைத்து நிறுத்திவிடும். நம் ஊர்க் கடைகளில் தேடினால் சுலபத்தில் கிடைக்காது. விமானத்திலும் எவரும் மறிக்க மாட்டார்கள்.

ஆனைமலைத்தோப்பு:
எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று மறுபடி பொள்ளாச்சி போனேன். கடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், ஒரு பையன் மூன்று மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். விலையில் கொஞ்சம் குறைத்தார், கூட ஒரு செயினும் அரமும் தருகிறேன் என்றார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

மச்சானுக்கு பேண்ட்டுக்கு இடுப்பளவு அனுப்பியாயிற்று. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மரம் ஏறுகிற ஆளுக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.