எல்க் வேட்டைக்குப் பின்னர் ஒலியடக்கியைக் கழற்றாமல் வைத்ததில் குழல்வாயில் கறள்: பராமரிப்பும் பாதுகாப்பும்

பனிக்காடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நோர்வேயில், திரொண்டெலாக் பகுதியில் வசிக்கிறேன். வேட்டைக்காரருக்கான தேர்வில் தேறி, சென்ற இலையுதிர்காலத்தில்தான் முதன்முறையாக எங்கள் ஊர் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக் குழுவில் சேர்ந்தேன். என்னிடம் இருப்பது 6.5×55 என்னும் அளவு ரவை (தோட்டா) பாவிக்கும் டிக்கா வகைத் துவக்கு. அதில் அலுமினியத்தால் ஆன, பாதி நீளம் குழலின் மேல் பின்னோக்கிப் படிந்து அமரும் வகை ஒலியடக்கியை (வெடிச்சத்தத்தைக் குறைக்கக் குழல்வாயில் திருகிப் பூட்டும் உருளையை) பொருத்தியிருக்கிறேன்.

வேட்டையின் கடைசி நாள் முழுவதும் ஈரப்பனி கொட்டியது. வீடு திரும்பியபோது இரவாகிவிட்டதால், துவக்கின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்து, ஒலியடக்கியைக் கழற்றாமலேயே ஆயுதப் பெட்டகத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டேன். ஏழு வாரங்கள் கழித்து எடுத்துப் பார்த்தபோது ஒலியடக்கி இலகுவில் கழன்று வரவில்லை. ஒருவாறு கழற்றியதும், குழல்வாயைச் சுற்றியும், ஒலியடக்கியைத் திருகிப் பூட்டும் மரையின் மேலும் செம்மஞ்சள் நிறத்தில் கறள் பிடித்திருந்ததைக் கண்டு மனம் நொந்துபோனேன். கறளைத் துடைத்து, மீண்டும் பொருத்திச் சுட்டுப் பார்த்தபோது, 100 மீற்றரில் சன்னங்கள் (ரவையிலிருந்து பறக்கும் குண்டுகள்) முன்பு பட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய எட்டு சென்றிமீற்றர் கீழே பட்டன.

இனி இந்தத் துவக்கைப் பாவிப்பது பாதுகாப்பானதா, ஒலியடக்கியின் உட்புறத்தை எதனால் கழுவ வேண்டும், கழுவத்தான் வேண்டுமா என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். இன்னொன்று: எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர், ஒலியடக்கி இருக்கும்போது காதுக்கவசம் தேவையில்லை என்கிறார். வயதிலும் அனுபவத்திலும் பெரியவர் என்பதால் அவரிடம் எதிர்த்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது.

காட்டுவழி எழுதியது:

தம்பி, நீங்கள் செய்தது இந்நாட்டில் புதிதாக வேட்டைக்கு வரும் பலர் செய்யும் தவறு. நானும் முதலாவது ஆண்டில் அதையேதான் செய்தேன். பனிதான் காரணம் என்று நீங்கள் நினைப்பது போலத் தெரிகிறது. ஆனால் வானம் வெளித்திருந்த நாளிலும் இதே கறள் வந்திருக்கும். வெடிமருந்து எரியும்போது வெளிவரும் வாயுக்களில் நீராவியும் ஒரு பங்கு. ஒலியடக்கி இல்லாத துவக்கில் அது காற்றோடு போய்விடும். ஒலியடக்கியோ அந்த வாயுவைத் தன் அறைகளுக்குள் பிடித்து வைத்து, விரியவிட்டு, ஆறவிட்டுத்தான் வெளியே விடுகிறது. அதன் வேலையே அதுதான். சூடான உலோகம் குளிரில் ஆறியதும் அந்த நீராவி உட்சுவரில் நீராகப் படிந்து, கரியோடும் புகையோடும் கலந்து நிற்கும். அதோடு, குளிரிலிருந்து வெப்பமான வீட்டுக்குள் கொண்டுவந்த துவக்கும் தன் பங்குக்கு வியர்க்கும். பெட்டகத்தில் குழல்வாய் மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைத்தால், அந்த ஈரம் குழலுக்குள் இறங்குவதற்கும் வழி கிடைக்கிறது.

உங்களுடையதைப் போலப் பின்னோக்கி அமரும் வகையில் இன்னுமொரு தொல்லை உண்டு. குழலுக்கும் ஒலியடக்கியின் உறைக்கும் இடையில் காற்றோட்டமே இல்லாத ஒரு வளையம் இருக்கிறது. அதற்குள் போன பனிநீர் வெளிவர வழியில்லை. அலுமினியமும் உருக்கும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு இன்னும் விரைவாகும். உங்களுக்குக் கழற்றக் கடினமாக இருந்ததற்கு இதுவும் மரையில் சேர்ந்த கரியும் காரணமாக இருக்கலாம்.

ஆகவே நான் கைக்கொள்ளும் வழக்கம் இதுதான். காட்டை விட்டு வெளியேறும்போதே துவக்கிலிருந்து ரவைகளை எடுத்து, குழலில் ரவை அமரும் அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்வேன். வீட்டுக்கு வந்ததும், ஆறிய ஒலியடக்கியைக் கழற்றி, குலுக்கி நீரை வெளியேற்றி, இரு முனைகளும் திறந்திருக்க அறை வெப்பத்தில் இரண்டு நாட்கள் வைப்பேன். விறகு அடுப்பின் மேல் வைத்துக் காயவைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்னர் குழலை வழமைபோலத் துப்புரவாக்கி, மரைக்கு மெல்லிய எண்ணெய் பூசி, துவக்கை ஓரிடத்திலும் ஒலியடக்கியை வேறோரிடத்திலும் வைப்பேன். ஒருமுறை சுட்டாலும் முப்பது முறை சுட்டாலும், சுடாமல் மழையில் நடந்துவிட்டு வந்தாலும் இதே ஒழுங்குதான்.

கழுவுவதைப் பற்றிக் கேட்டீர்கள். முதலில் உங்கள் ஒலியடக்கி திறக்கக்கூடியதா, முழுவதும் மூடி ஒட்டப்பட்டதா என்பதைத் தயாரிப்பாளரின் கைநூலில் பாருங்கள். மூடப்பட்டதாயின் அதை ஒருபோதும் பலவந்தமாகத் திறக்க வேண்டாம். செப்புறை போர்த்த சன்னங்களைச் சுடும் வேட்டைத் துவக்கில் உள்ளே சேரும் கரி மெல்லியதுதான். உலர்த்துவதே பெரும்பாலும் போதும். திறக்கக்கூடியதாயின், கைநூல் சொல்லும் கால இடைவெளியில் பகுதிகளைக் கழற்றி, அலுமினியத்துக்கு ஏற்றது என்று குறிப்பிடப்பட்ட திரவத்தால் மட்டும் கழுவ வேண்டும். கடும் காரமுள்ள சமையலறைத் திரவங்களும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இடும் மாத்திரையும் அலுமினியத்தை அரித்துக் கருக்கச் செய்துவிடும். உள்ளே எண்ணெயை ஊற்றி வைப்பதும் வேண்டாம். அடுத்த வெடியில் அது எரிந்து புகையாகும்.

இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரவையின் அடியிலுள்ள தீக்கூறில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருப்பதால், உள்ளே இருக்கும் கரியில் ஈயமும் உண்டு. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், உணவு தயாரிக்கும் தொட்டிக்கு அப்பால்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். காற்றழுத்தக் குழாயால் ஊதித் தூசியைப் பறக்கவிடக் கூடாது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. வினாகிரியும் ஐதரசன் பெரொக்சைட்டும் கலந்த நீரில் ஊறவைக்கும்படி சில காணொளிகள் சொல்கின்றன. அது ஈயத்தைக் கரைப்பது உண்மைதான். ஆனால் கரைந்து உண்டாவது ஈய அசற்றேற்று என்னும் நஞ்சு. அந்த நீரைத் தொடுவதே தீங்கு, வடிகாலில் ஊற்றுவது அதைவிடத் தீங்கு. அலுமினியத்துக்கும் அக்கலவை ஆகாது.

கடைசல்பட்டறை எழுதியது:

உலோகக் கடைசல் என் தொழில் என்பதால், மரையைப் பற்றியும் அந்த எட்டு சென்றிமீற்றரைப் பற்றியும் நான் சொல்கிறேன்.

ஒலியடக்கிக்குள் தடுப்புத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் சன்னத்தை விடச் சற்றே பெரிய துளை. 1909 இல் அமெரிக்காவில் ஹைரம் பேர்சி மாக்சிம் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை: வாயு தட்டுகளுக்கிடையில் சிக்கி வேகம் இழக்கும்; சன்னம் எதிலும் தொடாமல் நடுவால் போகும். (அவர் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹைரம் மாக்சிமின் மகன். வாகனப் புகைக்குழாயின் சத்தத்தையும் இதே வழியில் அடக்க முயன்றவர்.) தட்டின் விளிம்புக்கும் சன்னத்துக்கும் இடையிலான வெளி ஒரு மில்லிமீற்றர் அளவிலேயே இருக்கும். மரை சற்றுத் தளர்ந்தாலோ, தோளில் (ஒலியடக்கி வந்து முட்டி நிற்கும் குழலின் விளிம்பில்) கறள் ஒட்டியிருந்து ஒலியடக்கி சரிவாக அமர்ந்தாலோ, குழல்வாயில் மயிரிழையளவு இருக்கும் சாய்வு மறுமுனையில் அந்த வெளியைத் தின்றுவிடும். அப்போது சன்னம் தட்டை உரசும். உரசலோடு நின்றால் சன்னம் திசைமாறும். மோசமானால் தட்டு உடைந்து ஒலியடக்கியே பிய்த்தெறியப்படும்.

எனவே, பனிக்காடு அவர்களே, காரணம் தெரியும்வரை ஒரு வெடியும் வைக்காதீர்கள். சன்னங்கள் கீழே இறங்கியதை ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) திருகிச் சரிசெய்யும் விடயமாகப் பார்க்க வேண்டாம். முதலில் போல்ட்டை (ரவை அறையைப் பின்னாலிருந்து மூடும் பகுதியை) கழற்றி எடுத்துவிட்டு, ஒலியடக்கியின் வெளித்துளையையும் தட்டுகளின் துளைகளையும் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். ஏதேனும் ஒரு விளிம்பில் பிறைவடிவில் பளபளப்பான வடு தெரிந்தால், அந்த ஒலியடக்கி இனித் தயாரிப்பாளரிடம் போக வேண்டியது. வடு இல்லையென்றால், மரையையும் தோளையும் எண்ணெயும் பித்தளைத் தூரிகையும் கொண்டு துப்புரவாக்குங்கள். குழல்வாயின் உள்விளிம்பில் மட்டும் தூரிகை படக் கூடாது. சன்னம் குழலைவிட்டுப் பிரியும் கடைசி இடம் அது, அங்கே விழும் சிறு கீறலும் குறியைக் கெடுக்கும். கறள் அந்த விளிம்பையே குழிபறித்திருந்தால், துவக்குத் திருத்துநர் கடைசலில் அதைப் புதிதாக வெட்டித் தருவார்.

பின்னர் ஒலியடக்கியைத் தோளோடு முட்டும்வரை கையால் இறுக்கி, குழலின் அளவுக்கே செய்யப்பட்ட நேர்க்கோலைச் செலுத்தி, வெளித்துளையின் நடுவில் அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரணத் துப்புரவுக் கம்பி வளையக்கூடியது என்பதால் இதற்கு உதவாது. கோல் இல்லாவிட்டால் திருத்துநரிடம் கொடுங்கள். சில நிமிட வேலை. குழலுக்கும் ஒலியடக்கிக்கும் இடையில் நசுங்கும் வகை வளையம் எதையும் போட வேண்டாம், அது நேராக நசுங்குவதில்லை. மரைக்கு வெப்பம் தாங்கும் கிறீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும்.

சுடும் திடலில் ஐந்து வெடிக்கு ஒருமுறை இறுக்கத்தைப் பாருங்கள். சூட்டில் விரிந்து ஆறும்போது மரை தளர்வது இயல்பு. ஆனால் அந்த நேரத்தில் வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துபோகும், தடித்த கையுறை வேண்டும். பெருவிலங்கு வேட்டைக்கான சுடுதேர்வுக்கு முன் 30 பயிற்சி வெடிகளை ஒரே மூச்சில் சுட்டு முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அலுமினியம் 200 பாகை செல்சியஸை நெருங்கும்போது தன் வலுவில் கணிசமான பகுதியை இழந்துவிடும், இடையிடையே ஆறவிடுங்கள்.

செவிப்புலன் எழுதியது:

செவிப்புலன் பரிசோதனை என் அன்றாடத் தொழில் என்பதால் கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன். வேட்டைத் துவக்கின் வெடி குழல்வாயருகே 160 முதல் 170 டெசிபெல் வரையிலான உச்ச அழுத்தத்தை எழுப்புகிறது. நல்ல ஒலியடக்கி அதில் 20 முதல் 30 டெசிபெல்வரை குறைக்கும். திடீர்ச் சத்தத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2003 இல் தொழிலிடங்களுக்கு வகுத்த உச்ச எல்லை 140 டெசிபெல். கழித்துப் பார்த்தால், ஒலியடக்கி உங்களை அந்த எல்லையின் அருகில்தான் கொண்டுவந்து விடுகிறது என்பது விளங்கும். மேலும், 6.5×55 சன்னம் ஒரு நொடிக்கு 750 மீற்றருக்கு மேல் பறக்கிறது, ஒலியின் வேகமோ ஏறக்குறைய 340 மீற்றர். அதனால் சன்னம் காற்றைக் கிழிக்கும் வெடிப்பொலி, குழலைவிட்டு வெளியே, பாதை நெடுக எழுகிறது. எந்த ஒலியடக்கியாலும் அதைத் தொட முடியாது.

உட்செவியின் மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சல் ஓயாத காதோடு இரவில் தூக்கமில்லாமல் என் முன்னால் வந்து அமரும் வேட்டைக்காரர்களில் சிலர், ஒலியடக்கியை நம்பிக் கவசத்தைக் கழற்றியவர்கள்தான். ஒலியடக்கியும் கவசமும் சேர்ந்தே காதைக் காக்கும். மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கொடுத்து, வெடியோசையை மட்டும் அடைக்கும் மின்னணுக் காதுக்கவசத்தைப் போட்டுக்கொண்டால் நாயின் குரைப்பும் வானொலிக் கருவியில் வரும் பேச்சும் தெளிவாகக் கேட்கும். மூத்தவரோடு வாதிட வேண்டியதில்லை. அடுத்த முறை அப்படியொரு கவசத்தை அவரிடம் கொடுத்து, காட்டில் ஒரு மணிநேரம் அணிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பனிக்காடு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசல்பட்டறை அவர்கள் சொன்னபடி கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். தட்டுகளில் வடு எதுவும் இல்லை. ஆனால் தோளின் ஒரு பக்கத்தில் கறள் கட்டியாக ஒட்டியிருந்தது; நான் துடைத்தபோது அதைக் கவனிக்கவே இல்லை. துவக்கையும் ஒலியடக்கியையும் திருத்துநரிடம் கொடுத்தேன். உள்விளிம்பில் குழி விழவில்லை என்றார். தோளைத் துப்புரவாக்கி, நேர்க்கோல் செலுத்திக் காட்டினார். இப்போது நடுவில் நிற்கிறது. நேற்று, கவசம் அணிந்து, ஐந்து வெடிகள் சுட்டேன். சன்னங்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன.

ஒரு துணைக்கேள்வி. பனி கொட்டும் நாளில் ஒலியடக்கியின் வாயை எப்படிக் காப்பது?

காட்டுவழி எழுதியது:

நல்ல செய்தி, தம்பி. வாயின் மேல் மெல்லிய ஒட்டுநாடாவை ஒரே ஒரு சுற்று ஒட்டுவோர் பலர், நானும் அவர்களில் ஒருவன். சன்னத்துக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும். ஆனாலும் உங்கள் கைநூல் அதற்கு இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாடா இருந்தாலும் இல்லாவிட்டாலும், விழுந்தெழும்பியோ துவக்கின் வாய் பனிக்குவியலில் குத்தியோ போனால், உடனே ரவையை எடுத்து, போல்ட்டையும் கழற்றி, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே அடைத்த பனியோடு சுட்டால் ஒலியடக்கி மட்டுமல்ல, குழலும் வெடிக்கக்கூடும்.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த ஒலியடக்கியைச் சமையலறைத் தராசில், ஒரு பையில் சுற்றி வைத்து நிறுத்து, கிராம் கணக்கைக் கைநூலின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் 25 இல் எல்க் வேட்டை தொடங்குவதற்கு முன் மீண்டும் நிறுத்துப் பார்த்தால், உள்ளே கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது, இன்னும் ஈரம் நிற்கிறதா என்பதைத் திறக்காமலேயே அறியலாம்.