ஒவ்வொரு படியும் கெடுவுக்குள் முடிகிறது, ஆனாலும் பில் 45 நாளைத் தாண்டுகிறது: டைமரை எப்படி அமைப்பது?

கோரமங்களா_ராஜி:
வணக்கம் நண்பர்களே. பெங்களூரு அலுவலகத்தில் கொள்முதல் பில் ஒப்புதல், வேலை ஓட்டத்தைப் படமாக வரைந்து இயக்கும் காமுண்டா 7 மென்பொருளில் ஓடுகிறது. சரக்குச் சரிபார்ப்புக்கு 3 நாள். அடுத்து துறைத்தலைவருக்கு 4 நாள், அவருக்கு இணையாக வரிப்பிரிவுக்கு 5 நாள். கடைசியாக நிதிப்பிரிவுக்கு 3 நாள். ஒவ்வொரு படியின் ஓரத்திலும் ஒரு டைமர், கெடு தாண்டினால் மேலாளருக்கு மெயில். பணம் வியாழக்கிழமைகளில் மட்டும் போகிறது. அறிக்கைப்படி எந்தப் படியும் கெடுவைத் தாண்டவில்லை. ஆனால் சிறு நிறுவனங்களின் பில்கள் சில, பணம் தரச் சட்டம் வைத்த 45 நாள் கெடுவைத் தாண்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளிலும் டைமர் அடிக்கிறது. எங்கே தவறு?

வரைபட_மணி:
ராஜி, முதலில் கூட்டிப் பார்ப்போம். இணையாக ஓடும் இரண்டு கிளைகளில் நீளமானதுதான் கணக்கில் வரும். ஆகவே ஒரு சுற்று 3+5+3, அதாவது 11 நாள். பில்லில் பிழை இருந்து சப்ளையருக்குத் திரும்பினால் என்ன ஆகிறது? படிக்குள் மறுபடி நுழையும்போது டைமர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சப்ளையர் கையில் இருக்கும் நாட்களுக்கு உங்கள் படத்தில் டைமரே இல்லை. இரண்டு முறை திரும்பி, ஒவ்வொரு முறையும் அவர் 6 நாள் எடுத்தால் 33+12=45. வியாழனுக்காக அதிகபட்சம் 7 நாள் காத்திருந்தால் 52. எல்லோரும் கெடுவுக்குள் முடித்தும் மொத்தம் தவறுவது இதனால்தான்.

மொத்தக் கெடுவைக் கால அளவாக வைக்காதீர்கள், தேதியாக வையுங்கள். வழக்கு (ஒரு பில்லின் ஓட்டம்) தொடங்கும்போதே ஒருமுறை கணக்கிட்டு ஒரு மாறியில் எழுதுங்கள். முழு ஓட்டத்துக்கும் பொதுவான ஒரு ஈவன்ட் சப்பிராசஸில் (நிகழ்வு வந்தால் மட்டும் தொடங்கும் உள் ஓட்டத்தில்) அந்தத் தேதிக்கு டைமர் போடுங்கள். அது நடப்பை நிறுத்தாத வகையாக, புள்ளிக்கோட்டு வட்டமாக இருக்கட்டும். நிறுத்தும் வகையைப் போட்டால் ஒப்புதல் வேலையே ரத்தாகிவிடும்.

பிறகு பின்னோக்கி எண்ணுங்கள். 45-இல் பணம் போகும் வியாழனுக்கு 7, அவசரத்துக்கு 3 கழித்தால் 35-ஆம் நாளுக்குள் ஒப்புதல் முடிய வேண்டும். படிக் கெடு என்பது 'உள்ளே வந்ததிலிருந்து 4 நாள்' அல்லது 'மீதமுள்ளதில் இந்தப் படியின் பங்கு', இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது. மூன்றாம் சுற்றில் துறைத்தலைவருக்கு ஒன்றரை நாள்தான் மிஞ்சும் என்றால் திரையில் அது தெரிய வேண்டும்.

கணக்கு_சிவாஜிநகர்:
மணி சொன்னது சரி. ஆனால் தேதியை எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள் என்பதும் முக்கியம். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இடி சட்டத்தின் (குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம்) 15-ஆம் பிரிவில் கணக்கு, சரக்கை ஏற்ற நாளிலிருந்து. பில்லை சிஸ்டத்தில் ஏற்றிய நாள் அல்ல. சரக்கு வந்து 6 நாள் கழித்து பில் ஏறினால் 6 நாள் ஏற்கெனவே போய்விட்டது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால்தான் 45 வரை. இல்லையென்றால் 15 நாள்தான், உங்கள் 11 நாள் சுற்றும் வியாழனும் அதில் அடங்கவே அடங்காது. அந்தப் பில்களுக்குத் தனிப் பாதையும் தினசரிப் பணம் அனுப்பும் ஏற்பாடும் வேண்டும். தவறினால் 16-ஆம் பிரிவின்படி ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டுவட்டி.

சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் எழுப்பினால், சப்ளையர் அதைத் தீர்த்த நாளே ஏற்ற நாள் ஆகும். அந்த ஒரு நிகழ்வில் மட்டும் கெடுவை மறுபடி கணக்கிடலாம். பில்லில் எண் தவறு என்று திருப்பியனுப்புவது இதில் சேராது.

ஞாயிறு பிரச்சினைக்கு வருவோம். தேதி, நேரம் எழுதும் ஐஎஸ்ஓ 8601 முறையில் 'பி2டி' (2 நாள்) என்றால் வெறும் 48 மணி நேரம், விடுமுறை அதற்குத் தெரியாது. 2025 அக்டோபர் 31, வெள்ளி மாலை 5-க்கு வந்த வேலைக்கு அது நவம்பர் 2, ஞாயிறு மாலை 5-க்கு அடித்திருக்கும். நடுவில் கன்னட ராஜ்யோத்சவம் வேறு. மும்பையில் கிளை இருந்தால் அங்கே நவம்பர் 1 விடுமுறை அல்ல. அதனால் மாநிலவாரியாக விடுமுறைப் பட்டியல் வைத்து, வேலைநாளைக் கணக்கிடும் ஒரு சிறு சேவை எழுதி, அது தரும் தேதியை டைமருக்குக் கொடுங்கள். ஆனால் சட்டக் கெடுவுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது, அது நாட்காட்டி நாள். வங்கிப் பணப்பரிமாற்ற முறையான நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகலாக ஓடுவதால் வங்கி விடுமுறை தடையல்ல. கையெழுத்துப் போடுபவர் விடுப்பில் இருப்பதுதான் தடை, அவருக்கு மாற்று ஆளை முன்கூட்டியே பதிந்து வையுங்கள்.

கோரமங்களா_ராஜி:
மிக்க நன்றி சார். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பில்களை என்ன செய்வது? இன்னொன்று, சர்வர் நின்று எழுந்தால் மெயில்கள் ஒரே மூச்சில் குவிகின்றன.

வரைபட_மணி:
புதிய வடிவம் ஏற்றினாலும் ஓடுபவை பழைய வடிவத்திலேயே ஓடும். அவற்றைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் மைக்ரேஷன் செய்யுங்கள், அதற்கு முன் எல்லா வழக்குகளிலும் கெடுத் தேதி மாறியை நிரப்புங்கள். சில டைமர்களை மட்டும் தள்ள ஜாப் டியூ டேட்டை (டைமர் அடிக்க வேண்டிய நேரத்தை) மாற்றும் ஏபிஐ கட்டளை போதும், தரவுத்தளத்தில் நேரடியாகக் கை வைக்க வேண்டாம்.

டைமர் 'இதற்கு முன் அடிக்காது' என்று மட்டுமே உறுதி தரும். சர்வர் நின்ற நேரத்தில் கெடு முடிந்தவை எல்லாம் எழுந்தவுடன் வரிசையாக அடிக்கும். அதனால் மெயில் அனுப்பும் முன், வேலை இன்னும் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மேலாளருக்கு ஒரே தொகுப்பு மெயிலாக அனுப்புங்கள். மெயில் சர்வர் பதில் தராமல் மூன்று முயற்சியும் தோற்றால் காமுண்டா அதை இன்சிடென்டாக (கோளாறுப் பதிவாக) குறித்து அப்படியே விட்டுவிடும், யாருக்கும் சொல்லாது. அதன் கண்காணிப்புத் திரையான காக்பிட்டில் தினமும் காலையில் பாருங்கள்.

சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் 'காலை 9' என்பது இங்கே பிற்பகல் 2.30. தேதியை எப்போதும் இந்திய நேரத்துக்கான +05:30 சேர்த்து, மாலை 6 மணி என்று நேரத்தோடு எழுதுங்கள். நேரம் இல்லாத தேதி அன்றைய நாள் தொடங்கும் நள்ளிரவு 12 ஆகிவிடும், கடைசி நாள் முழுதும் கையை விட்டுப் போகும்.