மலாக்கா போனவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரே ஒரு இடத்தைச் சொல்லுங்கள்

கல்வெட்டுப்பித்தன்

மலாக்காவின் ஏ ஃபமோசா கோட்டை வாசலைத் தெரியாதவர் இல்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். வளைவுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். அங்கே செதுக்கியிருப்பது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். கூடவே 'அன்னோ 1670' என்ற எழுத்து. வழிகாட்டிகள் "போர்த்துகீசியர் கோட்டை, 1511" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கூட்டம் வாசலுக்குள் நின்று படம் எடுத்துக்கொள்கிறது, தலைக்கு மேல் இருக்கும் ஆண்டை ஒருவரும் படிப்பதில்லை. வாசல் ஒருவருடையது, அதில் பெயர் பொறித்தவர் இன்னொருவர். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

செம்புரைக்கல்

கோட்டையைப் போர்த்துகீசியருடையது என்று சொல்வதில் பிழை இல்லை, ஐயா. கட்டியவர்கள் அவர்கள்தான். 1641 ஜனவரியில், பல மாத முற்றுகைக்குப் பிறகு டச்சுக்காரர் பிடித்தார்கள். இடிந்ததைச் சீர்செய்து 1670இல் தங்கள் முத்திரையைப் பதித்தார்கள். கல்லைக் கவனியுங்கள்: துளைதுளையாக, துருப்பிடித்த நிறத்தில் இருக்கும் செம்புரைக்கல். வெட்டும்போது இளகி இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும். கையால் தடவினால் சொரசொரக்கும்.

இடித்தது ஆங்கிலேயர், 1807இல், ஊர் அவர்கள் கைக்கு வந்திருந்தபோது. ஊரை மறுபடி டச்சுக்காரரிடம் ஒப்படைக்க வேண்டி வரும், அப்போது கோட்டை எதிரிக்குப் பயன்படக்கூடாது, வியாபாரமும் பினாங்குக்குப் போகவேண்டும் என்பது கணக்கு. அப்போது மலாக்காவில் சிறுவனாக இருந்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். கோட்டைக்குள் பேய் பிசாசு இருக்கிறது என்று கூலியாட்கள் கைவைக்கப் பயந்தார்கள். கடைசியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். யானை அளவும் வீட்டளவும் உள்ள துண்டுகள் பறந்து கடலில் விழுந்தன என்கிறார். கடலில்! இன்று அந்த வாசலில் நின்றால் எதிரே தெரிவது பேரங்காடி.

வெள்ளாற்றங்கரை

மீதியைக் காப்பாற்றியது ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸ் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செம்புரைக்கல்

அதைக் கொஞ்சம் குறைத்தே சொல்ல வேண்டும். 1808இல் ராபிள்ஸ் அறிக்கை எழுதியபோது கோட்டையில் பெரும்பகுதி போய்விட்டது. அவர் வாதாடித் தடுத்தது ஊரையே காலி செய்து மக்களைப் பினாங்குக்கு நகர்த்தும் திட்டத்தை. அது பெரிய காரியம். ஆனால் கோட்டை முழுவதையும் காத்தவர் என்ற பெயர் பொருந்தாது.

ஓதம்

எனக்குப் பாலம். சிவப்புக் கட்டடங்களிலிருந்து ஜோங்கர் தெருவுக்குப் போக எல்லாரும் கடப்பார்களே, அந்த டான் கிம் செங் பாலம். 1862இல் கட்டியது, 1963இல் திரும்பக் கட்டியது. இருபது முப்பது தப்படியில் கடந்துவிடலாம். 1511இல் ஊரின் தலைவிதி தீர்ந்தது இந்த இடத்துப் பழைய மரப்பாலத்தில்தான்.

போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் ஜூலையில் ஒருமுறை பாலத்தைப் பிடித்தும் தக்கவைக்க முடியவில்லை. பாலம் போனால் ஆற்றின் இந்தப் பக்கத்து அரண்மனைக்கும் அந்தப் பக்கத்து வணிகர் குடியிருப்புக்கும் தொடர்பு அறுந்துவிடும், அதனால் சுல்தானின் படை விடவில்லை. அடுத்த முறை, பாலத்தைவிட உயரமான ஒரு சீன ஜங்க் கப்பலை ஆட்களும் பீரங்கியுமாக நிரப்பி ஆற்றில் ஏற்றினார்கள். முகத்துவாரத்து மணல்திட்டில் கப்பல் தட்டிவிட்டது. அடுத்த பெரிய ஓதம் வரும்வரை நாள்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 10இல் நீர் ஏறியதும் கப்பல் பாலத்தை ஒட்டி நின்றது. மேலிருந்து கீழே சுட்டார்கள். 24ஆம் தேதிக்குள் ஊர் முழுவதும் கைமாறியது.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் கடலோரம் நின்று நீர் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். ஆற்றுக்குள் அந்த வித்தியாசம் இப்போது அவ்வளவாகத் தெரியாது. முகத்துவாரத்தருகே தடுப்புக் கதவு வைத்து, சுற்றுலாப் படகுக்காக நீர்மட்டத்தைத் தேக்கி வைக்கிறார்கள்.

பொன்னிநாடன்

பாலத்தைச் சொன்னவர் நினா சட்டுவை விட்டுவிட்டாரே. நம் கரையிலிருந்து போன வணிகர், போர்த்துகீசியர் எழுத்தில் பெயர் இப்படித்தான் இருக்கிறது. 1509இல் பிடிபட்ட போர்த்துகீசியக் கைதிகளுக்கு உதவினார். 1511க்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தலைவராக, அதாவது 'பெண்டகாரா'வாக, அவரை ஆக்கினார்கள். 1514இல் பதவியைப் பிடுங்கிக் கம்பார் அரசருக்குக் கொடுத்தபோது, தானே சிதை மூட்டி அதில் இறங்கினார். காட்டிக்கொடுத்தவர் என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் இந்தக் கடைசி நாளையும் சேர்த்து நிறுக்க வேண்டும்.

ஓதம்

நிறுத்துப் பார்த்தாலும் கைதிகளுக்கு உதவியது உதவியதுதான். அவர் வணிகர். எந்தக் கொடி பறந்தாலும் துறைமுகம் இயங்கவேண்டும் என்று நினைத்திருப்பார். சுல்தான் ஆட்சியில் துறைக்கு நான்கு ஷாபந்தர்கள் (துறைமுக அதிகாரிகள்) இருந்தார்கள்: குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் ஆட்களுக்கு ஒருவர், ஜாவா, மலுக்கு பக்கத்தவருக்கு ஒருவர், சீனம், ரியூக்கியூ, சம்பா ஆட்களுக்கு ஒருவர். வந்த கப்பலுக்குக் கிடங்கு ஒதுக்குவது, எடை, வழக்கு எல்லாம் அவரவர் ஷாபந்தர் பொறுப்பு. மேற்கிலிருந்து ஒரு பருவக்காற்றில் வந்தவன் காற்று திரும்பும்வரை காத்திருக்க வேண்டும், சரக்கு பூட்டிக் கிடக்க வேண்டும். மலாய்க்காரர் 'குடாங்' என்பது நம் கிடங்குதான், 'கெடாய்' நம் கடை, 'கப்பால்' நம் கப்பல்.

தங்கவேலைத்தெரு

ஜாலான் துக்காங் எமாஸ். பொய்யாத விநாயகர் கோயில், 1781. டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் தைவநாயகம் செட்டி கட்டியது. அதே வரிசையில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748. இன்னும் சில எட்டு வைத்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றையும் கடக்க ஐந்து நிமிடம் போதும்.

நின்று பார்க்கவேண்டியது பள்ளிவாசல். குவிமாடம் கிடையாது. மூன்றடுக்குக் கூரை, ஒன்றின் மேல் ஒன்று சுருங்கிக்கொண்டே போகும். மினாரா சீனப் பகோடா மாதிரி. உள்ளே கொரிந்தியத் தூண், ஐரோப்பியச் சரவிளக்கு, மெருகு ஓடுகள், செதுக்கிய மரத்தாலான மிம்பர் (பிரசங்க மேடை). கட்டியவர்கள் நம் கரை முஸ்லிம் வணிகர்கள். கைக்கு எட்டிய எல்லா ஊர்க் கைவேலையையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்திருக்கிறார்கள். கூரை முனையை மட்டும் தனியாகப் பார்த்தால் எந்த மதம் என்று சொல்ல முடியாது.

காஜாபெராங்

மலாக்காச் செட்டி கம்போங், பழைய தமிழ் வணிகரின் வழிவந்தவர்கள் வாழும் குடியிருப்பு. போகி அன்று வீட்டு நடுக்கூடத்தில் வாழையிலை விரித்து, முன்னோர்களுக்குச் சோறும் கறியும் படைக்கிறார்கள். 'போகி பார்ச்சு' என்று பெயர். அந்த வரிசையில் மலாய்ச் சமையல் இருக்கும், சீன-மலாய்க் கலப்பான நியோன்யா பலகாரம் இருக்கும், நம் ஊர்க் குழம்பும் இருக்கும். பாட்டி கெபாயா என்ற மலாய்ச் சட்டை உடுத்தி, கொண்டையில் ஊசி செருகி, வாசலில் மாவிலை கட்டியிருப்பார். பேச்சு முழுக்க மலாய். வீட்டுப் பெயர்ப் பலகையில் பிள்ளை, நாயக்கர்.

மனதில் நிற்பது அந்த இலை வரிசை. தமிழ் பேசத் தெரியாதவர்கள் சாமிக்கும் முன்னோருக்கும் ஒரு குறையும் வைக்காமல் படைக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாரியம்மனுக்கு எடுக்கும் தாத்தோ சாச்சார் விழாவும் அப்படித்தான். 'சாச்சார்' என்றால் அம்மை.

வெள்ளாற்றங்கரை

ஐந்நூறு ஆண்டில் தமிழ் போய்விட்டதே என்று வருத்தமாக இருக்கிறது.

பயணக்கணக்கு

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: புனித பவுல் குன்று. 1521இல் எழுந்த தேவாலயம், இப்போது கூரை இல்லை. பிரான்சிஸ் சவேரியார் உடல் 1553இல் சில மாதம் இங்கே கிடந்து, பிறகு கோவாவுக்குப் போனது. வெளியே நிற்கும் சிலைக்கு வலக்கை இல்லை. 1614இல் அவர் உடலிலிருந்து வலக்கையை எடுத்து ரோமுக்கு அனுப்பியதோடு அதைப் பொருத்திப் பேசுவார்கள்.

இனிப் போகப்போகிறவர்களுக்கு.

கோலாலம்பூர் டிபிஎஸ் நிலையத்திலிருந்து மலாக்கா சென்ட்ரலுக்கு நேரடிப் பேருந்து, சாலை தெளிவாக இருந்தால் 2 மணி நேரம். வெள்ளி மாலையும் பள்ளி விடுமுறையும் சேர்ந்தால் நேரத்துக்குக் கணக்கே கிடையாது. ரயில் என்று கிளம்பாதீர்கள்: கிட்டத்து நிலையம் புலாவ் செபாங், ஊரிலிருந்து நெடுந்தூரம். மலாக்கா சென்ட்ரல் என்ற பெயரைப் பார்த்து ஊர் நடுவே இறங்குவதாக நினைக்க வேண்டாம். சிவப்புச் சதுக்கம் அங்கிருந்து சில கிலோமீட்டர். ஊர்ப் பேருந்து போகும், மூன்று பேர் இருந்தால் கிராப் வாடகை வண்டியே சௌகரியம்.

எட்டு மணிக்குக் குன்று ஏறுங்கள். பத்துக்கு மேல் படிக்கட்டில் நிழல் இல்லை, கூட்டமும் வந்துவிடும். ஸ்டாதைஸ் என்ற பழைய டச்சு நிர்வாகக் கட்டடத்தின் பக்கம் ஏறி, ஏ ஃபமோசா பக்கம் இறங்கினால் ஒரே பாதையில் இரண்டும் முடியும். டச்சுக் கல்லறைக் கற்கள் சுவர் நெடுகச் சாய்த்திருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து தெரியும், உச்சி வெயிலில் கல் வெறுமையாகிவிடும். பிறகு கிறிஸ்து தேவாலயம், 1753. உள்ளே உத்தரங்களை எண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் செதுக்கியது, ஒட்டு இல்லை.

கோழிச்சோற்று உருண்டை வேண்டுமானால் பதினொன்றுக்கு முன்பே வரிசையில் நில்லுங்கள், மதியம் தீர்ந்துவிடும். கோயிலும் பள்ளிவாசலும் பிற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். தொழுகை நேரம் தவிர்க்கவும், கை கால் மூடிய உடை வேண்டும். ஜோங்கர் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும். செவ்வாய் இரவு போய்விட்டு ஊர் தூங்குகிறது என்று குறை சொல்பவர்கள் நிறைய. வரலாறு பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வார நாளில் போய் வார நாளிலேயே திரும்புங்கள். ஆற்றுப் படகு சுமார் முக்கால் மணி நேரம். விளக்கு எரியும் மாலையில் ஏறுங்கள்.

கல்வெட்டுப்பித்தன்

படகு மாலையில் வேண்டாம், அய்யா. விளக்கில் பார்த்தால் கலர் சுவர் மட்டும்தான் தெரியும். பகலில் போனால் வீடுகளின் பின்வாசல் தெரியும். ஆற்றைப் பார்த்த கதவுகள், நீரை ஒட்டிய படிகள், சரக்கு இறக்கியது இப்படித்தான் என்று கண்ணால் விளங்கும். கரையில் உடும்பு வெயில் காயும், அதுவும் பகலில்தான். இன்னொன்று, 'டச்சுச் சிவப்பு' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தக் கட்டடங்கள் முதலில் வெள்ளை. சிவப்பு அடித்தது 1911இல், ஆங்கிலேயர் காலத்தில்.

ஓதம்

துறை ஏன் ஓய்ந்தது என்று ஒருவரும் எழுதவில்லையே. ஆறு கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தை மேடாக்கியது. கப்பல் பெரிதாகப் பெரிதாக வெளியே நங்கூரமிட்டுத் தோணியில் சரக்கு மாற்றவேண்டி வந்தது. டச்சுக்காரருக்குப் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) முக்கியம். அதன்பின் பினாங்கு 1786, சிங்கப்பூர் 1819. எஞ்சிய கடலோரத்தையும் பின்னால் மண்கொட்டித் தள்ளிவிட்டார்கள். குன்றின் மேலிருந்து கடலைத் தேடினால் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு கோடாகத் தெரியும்.

காஜாபெராங்

வெள்ளாற்றங்கரை அண்ணன், தமிழ் போய்விட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மேலே சொன்ன அதே முன்ஷி அப்துல்லா, 1796இல் மலாக்காவில் பிறந்தவர், தமிழும் யேமனும் கலந்த குடும்பம். குர்ஆன் ஓதக் கற்ற பிள்ளையை அவர் தகப்பனார் தனி ஆசிரியரிடம் தமிழ் படிக்க அனுப்பினார். மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது முன்னோர் காலத்து வழக்கம், கணக்கு வழக்குக்கும் வணிகருடன் பேசுவதற்கும் அது தேவைப்பட்டது என்று அவரே காரணம் எழுதியிருக்கிறார். போர்த்துகீசியர் போய், டச்சுக்காரரும் போய், ஆங்கிலேயர் வந்து உட்கார்ந்த பிறகும் அந்த ஊர்ப் பேரேடுகளுக்குத் தமிழ் வேண்டியிருந்தது.