பிளான் போட்டு குடுத்துட்டு ஃபீஸ் எப்படி கேக்குறீங்க?

வணக்கம் மக்களே, வேலூர்ல தனியா டிராவல் பிளானிங் பண்றேன், ஆபீஸ்லாம் கெடையாது, போனும் லேப்டாப்பும்தான். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வர்ற கொல்கத்தா ஃபேமிலிங்கதான் முக்காவாசி கிளையன்ட், ரெண்டு அப்பாயின்ட்மென்ட்டுக்கு நடுவுல லாட்ஜ்லயே கெடக்காம ஸ்ரீபுரம் ஏலகிரின்னு போய்ட்டு வர கேப்பாங்க, நானும் ராத்திரி உக்காந்து டைமிங்லாம் பாத்து முழு பிளானும் அனுப்புனா "ஓகே தாதா"ன்னு (பெங்காலில அண்ணா) வாங்கிக்கிட்டு அவங்களே வண்டி பேசி கெளம்பிடறாங்க, நமக்கு வர்ற கமிஷனும் போச்சு. பிளானிங் ஃபீஸ் முன்னாடியே வாங்குறவங்க இருக்கீங்களா, எவ்ளோ, எப்படி கேக்குறீங்க? மொகத்துக்கு நேரா கேக்க வாய் வரமாட்டேங்குது.

அப்புறம் அவசரமா ஒண்ணு, ஒரு வயசான அம்மாவுக்கு சோளிங்கர் பெரிய மலை நரசிம்மர் கோயில் பாக்கணுமாம், 1,305 படிலாம் நடக்காத காரியம், ரோப்காரை நம்பித்தான் போறோம். கீழ வீல்சேர் கெடைக்குமா, ஞாயித்துக்கிழமை கூட்டம் எப்படி? சமீபத்துல போனவங்க சொல்லுங்கப்பா.